வாசனைப் பைத்தியம்

ராஜீய விவகாரங்களுக்கும் சட்டசபைச் சண்டைகளுக்குமென்று ஒதுக்கப்பட்ட இப்பத்தியில் அத்தரையும் பூவையும் பற்றி எழுதப் புகுவது நேயர்களிற் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ‘பத்திராதிபருக்கு வேறு வேலை இல்லையோ?’ என்று கேட்பாரும் இருக்கக்கூடும். வேலை ஏராளமாக உண்டு. ஆயினும் சென்ற வாரம் நண்பர் ஒருவர் ஏதோ காகிதத்தைத் தேடி நம் மேஜையின் இழுப்பறையைத் திறந்தார். அங்கே வரிசையாய் நின்ற நாற்பது ஐம்பது சிறு குப்பிகளைக் கண்டு திடுக்கிட்டு, “இதெல்லாம் சீமான்களின் விளையாட்டல்லவா? உமக்கெதற்கு?” என்று கேட்டுவிட்டார். வாசலில் கட்சிக்காரர் காத்திருந்தபடியால் அப்பொழுது அவருக்கு ஒழுங்காய் மறுமொழி கூற அவகாசமில்லாமற் போயிற்று. அதை இங்கே கூறுகின்றோம்.

நமக்கு இருபது வருஷ காலமாக வாசனைப் பைத்தியம் உண்டு. ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. காலையில் சந்தனக் கட்டையைக் கல்லில் நாலு சுற்று உரைத்தாலன்றி நமக்குப் பொழுது விடிந்ததாகாது. மாலையில் அலுவல் முடிந்து வீடு திரும்பியதும் மையொற்றுத்தாளை ஈர்க்குப் போல் நறுக்கி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி வாசனையை விட்டு, எது எவ்வளவு நேரம் நிற்கின்றது, எது அடங்க எது எழுகின்றது என்று ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் குறித்து வைப்போம். எலுமிச்சை, நாரத்தை வர்க்கங்கள் சீக்கிரத்தில் ஓடிவிடும். ரோஜாவும் மல்லிகையும் சில மணி நேரம் உட்கார்ந்து பேசும். சந்தனம், வெட்டிவேர், பச்சிலை இவை மறுநாட் காலையிலும் எழுந்து போகமாட்டோமென்று அடம் பிடிக்கும். சாட்சிகளிலும் இவ்வகைகள் உண்டு. முதல் விசாரணையில் பளிச்சென்று பேசிக் குறுக்கு விசாரணையில் ஆவியாய்ப் போகிறவர்களை வக்கீல்களெல்லாரும் அறிவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வேறு இரண்டு பொழுதுபோக்குகளை வைத்திருக்கின்றோம். தோட்டத்துப் பூக்களை நீர்வர்ணத்தில் எழுதுவது ஒன்று. இதில் நமது சாமர்த்தியம் சொல்லிக்கொள்ளத் தக்கதன்று, நாம் எழுதிய செண்பகத்தைக் கண்டு “வாழைப்பழமா, அப்பா?” என்று நம் புதல்வி கேட்டதுண்டு. மற்றொன்று பழைய புஸ்தகங்களைப் பிரித்துத் தைத்துக் கட்டுவது. இதில் நம் கை மோசமில்லை. தந்தையார் வைத்துப்போன சட்டப் புஸ்தகங்களில் அறுபதுக்குக் குறையாமல் நம் கையாலேயே அட்டை கட்டியிருக்கின்றோம். இவ்வேலையும் மூக்கோடு உறவுடையதே. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் இட்டுக் காய்ச்சும் பசையின் நெடி, புதுத் தோலின் வாடை, எல்லாவற்றிற்கும் மேலாகப் பழங்காகிதத்தின் மணம். இம்மணத்தில் ஒருவித இனிப்பு உண்டென்பதைப் புஸ்தகப் பிரியர்கள் அறிவார்கள். மரக்கூழிலுள்ள லிக்னின் என்னும் வஸ்து நாளாவட்டத்தில் சிதையும்பொழுது வனிலாவின் வாசனைக்குக் காரணமான அதே பொருளைச் சிறிதளவு வெளிவிடுகின்றது. 2009-ம் வருஷத்தில் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், புஸ்தகத்தினின்று எழும் ஆவியைச் சோதித்தே காகிதம் எவ்வளவு கெட்டிருக்கின்றதென்று மதிப்பிடலாமெனக் காட்டினார்கள். புளித்த வாடை மிகுந்த புஸ்தகம் தொட்டால் உதிருமென்று நமக்கு அதற்கு முன்னமே தெரியும். நம் மூக்கின் அபிப்பிராயத்தை எந்தச் சஞ்சிகையும் பிரசுரிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சீமான்களின் விளையாட்டு என்ற குற்றச்சாட்டை முதலில் பார்ப்போம். நம் முன்னோர் அறுபத்துநாலு கலைகளுள் கந்தயுக்தி என்று வாசனை சேர்க்கும் வித்தையையும் எண்ணி வைத்தார்கள். ஆறாம் நூற்றாண்டினரான வராஹமிஹிரர் தமது பிருஹத் ஸம்ஹிதையில் இதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். பதினாறு சரக்குகளினின்று நந்நான்காகப் பொறுக்கினால் எத்தனை விதச் சேர்க்கை கிடைக்குமென்று அவர் கணக்கிட்டு 1820 என்று விடை கூறியிருக்கிறார். விடை மிகச் சரி. கணித சரித்திரம் எழுதுவோர் இன்றும் அதை எடுத்துக் காட்டுகின்றனர். வாசனை கூட்டப் புகுந்தவர் கணித சாஸ்திரத்திலேயே ஒரு படி ஏறிவிட்டார் என்றால், அதை விளையாட்டென்று தள்ளுவது எங்ஙனம்? கந்தஸாரம் என்ற பழைய வாசனை நூலின் ஏட்டுப் பிரதியைப் பற்றி 1940-களில் எழுதி, இவ்வித்தையின் சரித்திரத்தைத் தேடித் தொகுத்தவர் புனாவிலிருந்த பி. கே. கோடே என்னும் பண்டிதர். அவர் சீமானல்லர், பண்டார்க்கர் ஆராய்ச்சிக் கழகத்தில் ஏடுகளைக் காத்தவர்.

2017-ம் வருஷத்தில் ஒரு வழக்கு நிமித்தமாகக் கான்பூர் வரையிற் சென்ற நாம், ஒருநாள் ஒழிவு கிடைக்கவே கன்னோசிக்குப் போய்வந்தோம். ஹர்ஷவர்த்தனர் ஆண்ட தலைநகர் அது. இப்பொழுது அத்தரால் பெயர் பெற்றிருக்கின்றது. அங்கே வாசனை வடிக்கும் முறையைக் கண்டபொழுது நம் பாட்டியார் கஷாயம் வடித்த சமையலறைதான் நினைவுக்கு வந்தது. செப்புக் கொப்பரையில் பூவும் நீரும் இட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, அடியில் விறகும் வறட்டியும் இட்டு எரிக்கின்றார்கள். ஆவி ஒரு மூங்கிற் குழாய் வழியாய்ச் சென்று, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் மற்றொரு செப்புக் குடத்திற் புகுந்து குளிர்கின்றது. அக்குடத்தினுள் முன்னமே சந்தனத் தைலம் வார்த்திருப்பார்கள். பூவின் வாசனையை அத்தைலம் வாங்கிப் பிடித்துக்கொள்ளும். உஷ்ணமானி ஒன்றும் இல்லை. தொழிலாளி அவ்வப்பொழுது குடத்தைக் கையால் தொட்டுப் பார்க்கின்றார், அவ்வளவே. எரிப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தக் கையின் தீர்ப்பு. அதற்கு அப்பீலே கிடையாது.

பூவை மாத்திரம் அவர்கள் வடிப்பதில்லை. மண்ணையும் வடிக்கின்றார்கள். சுட்ட மண்ணைக் கொப்பரையிலிட்டு வடித்தால், கோடையில் காய்ந்த பூமியில் முதல் மழை விழுந்தவுடன் எழுமே அந்த வாசனை, தைலமாக இறங்குகின்றது. ஆஸ்திரேலியாவில் இஸபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு விஞ்ஞானிகள் இந்த மண்வாசனையை ஆராய்ந்து 1964-ல் அதற்குக் கிரேக்க மொழியில் ‘பெட்ரிக்கோர்’ என்று பெயரிட்டபொழுது, இந்தியாவில் இதை அத்தராகவே வடிக்கின்றார்கள் என்பதையும் எழுதியிருக்கிறார்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளும் அவ்வாசனையிற் சேர்ந்தது. அதை மனிதனின் மூக்கு நம்பமுடியாத சொற்ப அளவிலேயே கண்டுகொள்ளும். மழையை நம்பிப் பிழைத்த ஜாதிக்கு இயற்கை கொடுத்த நாசி போலும்! அந்த மண் அத்தரில் ஒரு குப்பி வாங்கி வந்தோம். அது பின்னால் இவ்விவகாரத்தில் ஒரு சாட்சியாக வரப்போகின்றது.

அதே பிரயாணத்தில் மற்றோர் ஊரில், அசல் சந்தன அடியில் இறக்கியதென்று சத்தியம் செய்து ஒரு கடைக்காரர் நமக்குக் கேவடா அத்தர் விற்றார். வீட்டிற்கு வந்து தாளில் விட்டுப் பார்த்தோம். இரவு சாப்பாட்டிற்குள் வாசனை போய்ச் சந்தனத்தின் சுவடே இல்லாமல் எண்ணெய்க் கறை மாத்திரம் எஞ்சிற்று. சந்தனத் தைலம் விலையேறிய பின் பலர் அதற்குப் பதில் பாரபின் எண்ணெயை அடியாக வைக்கின்றார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வக்கீலே ஏமாந்தால் வழக்கை யார் நடத்துவது? பேசாமல் இருந்துவிட்டோம்.

இனி விஷயத்திற்கு வருவோம். 2021-ம் வருஷம் மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலையில் நாமும் அகப்பட்டோம். ஜ்வரம் நாலைந்து நாளில் விட்டது. மூச்சுக்கு அபாயமில்லை. எத்தனையோ குடும்பங்கள் தலைவனை இழந்து நின்ற அந்த மாதத்தில் நாம் பிழைத்ததே பெரிது. குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. தனிமை வாசம் முடிந்து அச்சுக்கூடத்தில் நுழைந்தோம். யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. காகிதம் புரண்டது. ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் அறையும் மையின் வாடை இல்லை! வேலையாட்களை அழைத்து “மை மாற்றினீர்களா?” என்று கேட்டோம். போர்மேன் நம்மை ஒருமாதிரியாகப் பார்த்து, “அதே மைதான், ஐயா” என்றார்.

வீட்டிற்கு ஓடி இழுப்பறையைத் திறந்தோம். ஒவ்வொரு குப்பியாய் முகர்ந்தோம். நாற்பதும் தண்ணீர். நீலகிரித் தைலம் மாத்திரம் மூக்கிற் சில்லென்று குளிர்ந்தது. அதுவும் வாசனையன்று, தொடுகை. குளிர்ச்சியையும் எரிச்சலையும் அறியும் நரம்பு வேறு, மணத்தை அறியும் நரம்பு வேறு. சாப்பாட்டில் ரஸம் என்பது புளிப்பும் உறைப்புமாய்ப் பிரிந்து நின்றது. பெருங்காயமும் சீரகமும் கொத்துமல்லியும் போன இடம் தெரியவில்லை. ருசி என்று நாம் நாவின்மேல் ஏற்றிச் சொல்வதிற் பெரும்பாலானது மூக்கின் சொத்தென்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

மனித மூக்கில் வாசனைகளைப் பற்றும் வாங்கிகள் சுமார் 400 வகை உண்டு. அவற்றிற்குரிய மரபணுக்களை 1991-ல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனாக் கிருமி பெரும்பாலும் வாசனை நரம்பணுக்களைத் தாக்காமல், அவற்றைச் சூழ்ந்து தாங்கி நிற்கும் துணை அணுக்களையே தாக்குகின்றதென்று ஆராய்ச்சிகளிற் புலப்பட்டது. பத்திரிகை நடத்துவோருக்கு இது எளிதில் விளங்கும். ஆசிரியர் நன்றாய்த்தான் இருக்கின்றார். அச்சுக் கோப்பவரும் காகிதம் எடுத்துக் கொடுப்பவரும் படுத்துவிட்டால் பத்திரிகை வெளிவருவது எப்படி?

இது விளையாட்டுச் சமாசாரம் அன்றென்பது ஜூன் மாதத்தில் ஒருநாள் தெளிவாயிற்று. வீட்டார் கோயிலுக்குச் சென்றிருந்தார்கள். நாம் பாலைக் காய்ச்ச வைத்துவிட்டு, சமையலறைக்கு அடுத்த கூடத்தில் ஒரு புஸ்தகத்தைத் தைத்துக்கொண்டிருந்தோம். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. காஸ் மாத்திரம் வந்துகொண்டேயிருந்தது. ஊசியும் நூலுமாய்ப் பரம நிம்மதியோடு உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்த நம் மனைவி வாசற்படியிலிருந்தே “விளக்கைத் தொடாதீர்கள்!” என்று கூவிக்கொண்டு ஓடிவந்து, குழாயை மூடிச் சன்னல்களைத் திறந்தாள். சமையல் காஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டுமென்றே துர்நாற்றமுள்ள மெர்காப்டன் என்ற பொருளை அதிற் கலக்கின்றார்கள். அந்த எச்சரிக்கை நமக்கு எட்டவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிஷம் சென்றிருந்தால் நாமே எழுந்து விளக்கைப் போட்டிருப்போம்.

மறுநாளே ஒரு வைத்திய நண்பரைக் கண்டோம். மருந்தொன்றும் அவர் எழுதவில்லை. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து டாக்டர் தாமஸ் ஹும்மல் என்பவர் 2009-ல் வெளியிட்ட ஓர் அப்பியாசத்தைச் சொன்னார். ரோஜா, எலுமிச்சை, லவங்கம், நீலகிரித் தைலம் ஆகிய நான்கை மாத்திரம் எடுத்துக்கொண்டு, காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் பத்து விநாடி வரையில் முகர வேண்டும். இப்படிப் பன்னிரண்டு வாரம். பயின்றோர் பயிலாதோரைக் காட்டிலும் தேறினரென்று ஹும்மல் கண்டிருந்தார். “முகரும்பொழுது அந்த வாசனையை மனத்தில் நினைத்துக்கொள்ளும்” என்றும் நண்பர் சொல்லியனுப்பினார்.

நினைப்பதுதான் எளிதாயில்லை. முகத்தை நினைக்கலாம், பாட்டை நினைக்கலாம், வாசனையை நினைப்பதெப்படி? அப்பொழுது நமது நோட்டுப் புஸ்தகங்களை எடுத்தோம். பதினைந்து வருஷத்துக் குறிப்புகள் இருந்தன. அவற்றில் ஒரு விசித்திரம் கண்டோம். ஆரம்பத்தில் நாம் இங்கிலீஷ் வாசனைப் புஸ்தகங்களைப் படித்த மோகத்தில் ‘வுட்டி’, ‘ஸ்பைஸி’, ‘கிரீன்’ என்று எழுதியிருந்தோம். அப்பக்கங்களைப் படித்தால் மனத்தில் ஒன்றும் அசையவில்லை. பிற்காலத்தில் சோம்பலாலோ சலிப்பாலோ வீட்டுத் தமிழில் எழுதத் தொடங்கியிருந்தோம். லவங்கத்திற்கு எதிரே ‘பாட்டியின் வெற்றிலைச் செல்லம், பல்வலி ராத்திரி, உறைப்பு’ என்றிருந்தது. ரோஜாவுக்கு ‘கலியாணப் பந்தலில் பன்னீர்ச் செம்பு, வெள்ளி ஈரம்’ என்றிருந்தது. இவற்றைப் படித்துவிட்டு முகர்ந்தால், வாசனை வராவிட்டாலும், வாசனை இருந்த இடம் மனத்தில் தெரிந்தது. இது நம் அநுபவம் மாத்திரமே, விதியாகக் கூறவில்லை.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சமா? மணம், விரை, கமழ்ச்சி, நெடி, வாடை, வீச்சம், முடை, கவிச்சு, கமறல், தீய்ந்த வாடை, ஊசல் வாடை, மக்கல் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாசியநுபவம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பேர் சொல்லி அடுக்கினார். மேனாட்டு வாசனைக்காரர்கள் தினமும் உச்சரிக்கும் ‘வெட்டிவர்’ நம் வெட்டிவேரே. ‘பச்சூலி’ என்பதும் தமிழ்ச் சொல்லின் திரிபென்றே இங்கிலீஷ் அகராதிகள் கூறுகின்றன. உலகம் நம் சொல்லை வாங்கி வைத்துக்கொண்டிருக்க, நாம் ‘வுட்டி’ என்று எழுதினோமே! பழைய நூல்களில் பூவின் நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ என்னும் சொல்லை நாம் சாக்கடைக்குத் தள்ளிவிட்டது வேறு கதை. ‘வாசனை’ என்பது முன் அநுபவத்தின் சுவட்டையும் குறிக்கும். கல்வி வாசனை, பூர்வ வாசனை என்கின்றோமல்லவா? ஜூன் மாதம் முழுவதும் நம்மிடமிருந்தது அந்த இரண்டாவது வாசனை மாத்திரமே.

ஜூலை மாதத்தின் கடைசியில் ஒருநாட் காலை லவங்கக் குப்பி பேசிற்று. வெகு தூரத்திலிருந்து, அடைத்த கதவுக்குப் பின்னால் ஒருவர் கூப்பிடுவதுபோல். பிரமையோ என்று ஐயுற்று, நம் மனைவியைக் கொண்டு நான்கு குப்பிகளையும் இடம் மாற்றி வைக்கச் சொல்லிக் கண்ணை மூடிச் சோதித்தோம். ஐந்து முறையும் லவங்கத்தைச் சரியாய்க் காட்டினோம். மற்ற மூன்றும் மௌனம்.

பிறகு வந்தது இதைக்காட்டிலும் பெருங் கஷ்டம். வாசனை திரும்பிற்று, ஆனால் தாறுமாறாகத் திரும்பிற்று. காப்பி அழுகின குப்பையாயிற்று. வெங்காயம் வதக்கினால் வீட்டை விட்டு வெளியேறினோம். இவ்வியாதிக்காரர் பலருக்குக் காப்பியே பகையாவதைக் கவனித்த இங்கிலாந்தின் ரெடிங் சர்வகலாசாலையார், வறுத்த காப்பியிலுள்ள கந்தகம் கலந்த சில வாசனைப் பொருள்களே இதைத் தூண்டுகின்றனவென்று 2022-ல் வெளியிட்டார்கள். தென்னாட்டில் பிறந்த ஒருவன் காலைக் காப்பியை மூக்கைப் பிடித்துக்கொண்டு விலக்குவதைக் காட்டிலும் இரங்கத் தக்க காட்சி வேறுண்டோ? ஏழு மாதம் கஞ்சி குடித்தோம். அக்காலத்தில் புஸ்தகக்கட்டும் சித்திரமுமே துணை. பூவை முகர முடியாதபொழுது அதை எழுதலாயினோம். ஒரு செண்பகத்தை ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்ததில், அதன் இதழின் அடியிலுள்ள பச்சையை இருபது வருஷமாய்க் கண்டதேயில்லை என்று அறிந்தோம். புதல்வியும் அதை வாழைப்பழமென்று சொல்லவில்லை.

அக்டோபரில் ஒருநாள் மாலை கோர்ட்டுப் படியில் இறங்கும்பொழுது மண் அத்தர் வாசனை வந்தது. கன்னோசிக் குப்பியிலிருந்து ஒரு துளி கைக்குட்டையில் தெளித்திருந்தோமோ என்று எடுத்துப் பார்த்தோம்; இல்லை. மைதானத்தின் அந்தப் புறத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. நமக்கு முன்னே கறுப்பங்கி அணிந்த பத்துப்பேர் குடையைத் தேடி ஓடினர். நாம் நின்றுவிட்டோம். அன்றைய குறிப்பில் ‘மண், சரியாக’ என்று இரண்டு வார்த்தை மாத்திரம் இருக்கின்றது.

இப்பொழுது மல்லிகை முக்காற்பங்கு வந்திருக்கின்றது. அதிலுள்ள இண்டோல் என்ற பொருள் மிகச் சிறிதளவில் பூவுக்கு உயிர், அளவு மிஞ்சினால் மலக்குழி. நமக்கு இன்னும் சில நாட்களில் அது சற்றே மிஞ்சித் தெரிகின்றது. மாலையில் பூக்காரி முழம் போடும்பொழுது மதுரை மொட்டை ஒதுக்கிவிட்டு முல்லையை வாங்கச் சொல்கின்றோம். காப்பி குடிக்கின்றோம். எலுமிச்சை பாதிதான் திரும்பியது. காலையும் மாலையும் பத்து விநாடி அதற்கு இன்றும் கொடுத்து வருகின்றோம்.

இதையெல்லாம் நண்பருக்கு நேற்று நேரிலேயே சொன்னோம். பொறுமையாய்க் கேட்டுவிட்டு, “சரி, இக்குப்பிகளுள் விலையுயர்ந்தது எது?” என்றார். ஊத் அத்தரையோ பழைய மைசூர்ச் சந்தனத் தைலத்தையோ எதிர்பார்த்தார் போலும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய லவங்கத் தைலத்தை எடுத்துக் கொடுத்தோம். முகர்ந்துவிட்டு, “பல்வலி மருந்தல்லவா இது?” என்றார். ஆமென்றோம்.